கண்ணாடியில் படிந்த பழுப்பு

வீட்டில் பவளத் தொட்டி வைத்தால் ஒருநாள் பழுப்புப் பாசி வந்தே தீரும். அதற்கெல்லாம் பதறக் கூடாது.

டர்பனில் எங்கள் முன்னறையில் என் தொட்டி இருக்கிறது. கடல்நீர், உயிருள்ள பவளம், ஐந்தாறு மீன்கள். வைத்த இரண்டாம் மாதமே மணலும் கண்ணாடியும் பழுப்பேறின. துடைத்தால் மறுநாள் திரும்ப வந்து நிற்கும். பக்கத்து அறையில் படுத்திருந்த வெலாபி அண்ணனுக்கு இது நல்ல வேடிக்கை.

"என்னடா முசி, மீனுக்கு முகம் கழுவி விடுறியா? எனக்கு ஒரு டீ போட ஆளில்ல."

கடைக்காரர் தண்ணீரைச் சோதித்தார். "குழாய்த் தண்ணியில சிலிக்கா இருக்குப்பா, கல்தூள் மாதிரி. அதைத் தின்னுதான் பாசி வளருது."

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. "அதே தூளைத்தான்டா நானும் இருபது வருஷம் தின்னேன்."

தங்கச் சுரங்கத்தில் பாறை குடைந்தவர். நான் படித்து முடிக்கும்வரை அதை விட்டு வரவில்லை. வந்தபோது நுரையீரலில் பாதி கல்லாகியிருந்தது. பிராணவாயு இயந்திரம் இல்லாமல் இருக்க முடியாது. என்னை நன்றி கெட்டவன் என்று எழுதிவிடாதீர்கள்; மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கி வைத்ததே நான்தான்.

வடிகட்டி பொருத்தினேன். பாசி குறைந்தது, ஆனால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தலைகாட்டியது. பம்பு நின்றால் நீர் தேங்குகிறது, பவளம் சுருங்குகிறது. இன்வெர்ட்டரோ இரண்டு இயந்திரங்களை இழுக்காது. ஆகவே ஒருநாள், சிறிது நேரத்துக்கு மட்டும், அண்ணனின் பிளக்கைப் பிடுங்கிப் பம்பை மாட்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார். சமாளித்துவிட்டார். அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம்.

"மீனுக்கு மூச்சு முட்டினா துடிக்கிற. நான் உன் கூடப் பொறந்தவன்டா" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி தெளிந்து வந்தது.

அந்த வியாழன் மதியம் மின்வெட்டு நீண்டது. நான் தொட்டிக்குள் கைவிட்டுப் பாறையைத் துலக்கிக்கொண்டிருந்தேன். "முசி" என்றார். பிறகு கட்டில் சட்டத்தைத் தட்டினார். ஈரக்கையால் பிளக்கைத் தொடக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். துடைத்துக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. இயந்திரத்தைத் திரும்ப மாட்டினேன். மருத்துவர் வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வழக்கப்படி, இறந்தவரின் ஆவியை முள்மரக் கிளையில் ஏற்றி ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். தம்பி நான்தான் கட்டிலருகே கிளையைப் பிடித்து நின்றேன். "அண்ணா, வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அவர் வரவில்லை. எனக்குத் தெரிந்தது. வெறும் கிளையைத்தான் ஊரில் புதைத்தோம்.

இப்போது தொட்டியில் பொட்டுப் பழுப்பு இல்லை. ஆனாலும் அதன் எதிரே உட்கார முடியவில்லை. பம்பு ஓடினால் அண்ணன் மூச்சு விடுகிறார். நிறுத்தினால் தட்டுகிறார். பயமாக இருக்கிறது, அதனால்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

தட்டல் நின்றபோது எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். அவருடைய கதவருகே, பிளக்கைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கை எப்போதோ காய்ந்திருந்தது.