கார்ல் பேசிய அதிகாரிக் குரல்

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். விடை என்னிடம் இல்லை. இந்த இரங்கல் கூட்டத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் கார்ல் ஜெயசீலனிடம் ஏமாந்தவர்கள். வானொலியில், ஊரே கேட்க ஏமாந்தவர்கள். ஏமாற்றியவருக்காக ஏன் இப்படித் திரண்டு வந்து அழுகிறீர்கள்?

தலைவர் நஞ்சுண்டசாமி அவர்களே, கார்லின் துணைவியார் சில்வியா அவர்களே, மைசூர்த் தமிழ்ப் பெருமக்களே! 'சிரிச்சுட்டுப் போங்க' என்ற ஞாயிறு நிகழ்ச்சியை அவரோடு சேர்ந்து தயாரித்தவள் என்ற முறையில் பேசுகிறேன்.

பாட்டுக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்களைக் குரல் மாற்றிச் சீண்டுவார் கார்ல். முடிவில், "நான்தாங்க கார்ல்!" என்பார். அப்போது மறுமுனையில் வெடிக்கும் சிரிப்புக்காகவே மண்டி மொஹல்லாக் கடைகளில் வானொலி அலறும். முன்வரிசையில் இருக்கும் செவிலியர் மோலியை மறக்க முடியுமா? "லைன்ல தூசிம்மா, ரிசீவர்ல ஊதுங்க" என்றார் கார்ல், தொலைபேசி லைன்மேன் குரலில். மோலி ஊதினார். "பத்தல, இன்னும் பலமா!"

"மூச்சு முட்டுது சார்! வார்டுபாயைக் கூப்பிடட்டா?"

அந்த மோலிதான் கடைசி வாரங்களில் கார்லின் தலைமாட்டில் இருந்தார். இதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை.

ஆனால் காளியப்பன் இங்கே வரவில்லை. ஹனூரிலிருந்து வந்து இந்த ஊரில் கொத்தனார் வேலை பார்த்தவர் அவர். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக்கொண்டிருந்த மகள் தாரணிக்காக ஒரு பாட்டுக் கேட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைத்தார். தமிழர்களை ஊரைவிட்டு ஓடவைத்த காவிரிக் கலவரம் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கார்ல் கன்னட அதிகாரியாகி, எந்த ஊர், ரேஷன் கார்டு எங்கே என்று அதட்டினார்.

"யாரப்பா நீனு? யாவ ஊரு? தமிழ்நாடா? ரேஷன் கார்டு எல்லி?"

"தப்புங்க சாமி. இன்னைக்கே கெளம்பிடறோமுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டார். "நான்தாங்க கார்ல்" என்பது அவர் காதுக்குப் போகவே இல்லை. ஹனூரும் இதே மாநிலம்தான் என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை போலும்.

கார்ல் மறுநாளே அந்தக் குடும்பத்தை அழைத்துவந்து மகளைத் தேர்வெழுத வைத்தார் என்று தலைவர் சொன்னார். நீங்கள் உருகினீர்கள். அப்படி நடந்திருக்கக் கூடாதா! நிகழ்ச்சியைத் தொடருங்கள் என்றும் அவர் கேட்டார். தொடர்வோம், இந்த அவையில் உறுதி கூறுகிறேன். ஆனால் அதிகாரிக் குரலில் இனி யாரிடமும் பேச மாட்டோம். அந்த விதியை வகுத்தவர் கார்ல். ஏன் வகுத்தார் என்று தெரியாமல் அதை எப்படிக் காப்பது? ஆகவே, மறுநாள் உண்மையில் நடந்ததைச் சொல்லி அமர்கிறேன்.

பூத்காரரிடம் விசாரித்துப் போனோம், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விவரம் கேட்டுக்கொண்டு, கொள்ளேகால் வழியாக ஹனூர் போய்ச் சேர்ந்தோம். காளியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார் கார்ல்.

"வெறும் வெளையாட்டுண்ணே. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. பாப்பாவையாவது அனுப்புங்க. எங்க வீட்டுலயே தங்கட்டும்."

"ரேடியோ கேட்டவங்க, வெளையாட்டுன்னு பஸ்ஸுலயே சொல்லிச் சிரிச்சாங்க சார். நானுஞ் சிரிச்சனுங்க" என்றார் காளியப்பன். "ஆனா, நெசமாவே ஒருத்தர் அந்தக் கொரல்ல கேட்டா, நான் சிரிக்கறதா, ஓடறதா? நீங்களே சொல்லுங்க."

தாரணி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மாலைப் பேருந்தில் நாங்கள் இருவர் மட்டுமே திரும்பினோம். கணக்குத் தேர்வை அவள் எழுதவில்லை.