கழற்றி வைத்த கண்ணாடி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெற்றோர் கழகத் தலைவர் ஐயா அவர்களே! படத்தை இயக்கிய அன்புத் தம்பி யாங் ஹியோக்-சு அவர்களே! மீன் சந்தையின் ஈரம் காயாத கையோடு ஓடி வந்திருக்கும் குன்சான் நகரத்துத் தாய்மார்களே! தலை நரைத்தும் தளராத பெரியோர்களே! பின்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் பள்ளிச் செல்வங்களே! சண்டைப் பயிற்சியாளன் கூ போம்-சோக்கின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

நான் பேசத் தெரிந்தவன் அல்லன், விழத் தெரிந்தவன். மாடியிலிருந்து விழுந்தேன், மதிலிலிருந்து விழுந்தேன், ஓடும் வண்டியிலிருந்து விழுந்தேன். விழுந்து விழுந்தே வீடு கட்டியவன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சற்று நேரத்தில் நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்து ரவுடிக் கும்பலைப் பற்றிய படம் இது. பொய்க் குத்து, பொய் உதை, பொய் ரத்தம், அத்தனையும் என் கைவேலை. ஆனால் ஒரு காட்சி மட்டும் என்னுடையது அன்று. அதை வெட்டச் சொல்லித்தான் தலைவர் ஐயா நேற்று எங்களிடம் வந்தார். “ஊர்ப் பேரு கெட்டுடும் மாஸ்டர்” என்றார். அவருக்குப் பதிலை இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

குளிர்கால விடுமுறை. மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளியில் படப்பிடிப்பு. வகுப்பில் உட்கார உங்கள் பிள்ளைகளையே அழைத்திருந்தோம். கதைப்படி கும்பல் தலைவன் ஒரு மாணவனை அடிக்க வேண்டும், மற்றவர்கள் அலறிச் சிதற வேண்டும். கேமரா ஓடியது. குத்து விழுந்தது. ஒரு பிள்ளையாவது அலறியதா? இல்லை. ஒரு பிள்ளையாவது ஓடியதா? இல்லை. அத்தனை பேரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தார்கள்.

“கட்! ஏம்ப்பா, அடிபடறது மனுஷன்! கத்துங்கப்பா!” என்றேன்.

மெங் சோ-ரின் என்ற மாணவி எழுந்தாள். “மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. யாரும் அப்படிக் கத்த மாட்டாங்க. கத்துனா அடுத்தது நாமதான்.”

“ஓகோ! அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க, பாப்போம்” என்றேன் கிண்டலாக.

ஒருவன் போய்க் கதவை மறித்து நின்றான். ஒருத்தி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். ஒருவன் கைபேசியில் பாட்டைச் சத்தமாக வைத்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. என் ஆட்களுக்கு நான் வாரக்கணக்கில் கற்பிப்பதை இந்தக் குழந்தைகளுக்குக் கற்பித்தது யார்?

அடிவாங்குவது யார் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் எல்லாக் கண்களும் ஒருவன் மேல் போய் நின்றன. பியோ கியூ-மின், மெலிந்த பிள்ளை. மெல்ல எழுந்தான். கண்ணாடியைக் கழற்றினான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைக் காட்டி நின்றான்.

“கண்ணாடிய ஏன்டா கழட்டுற?”

“உடைஞ்சா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும் மாஸ்டர்.”

எலும்பு முறிந்தபோதும் அழாத நான் அன்று அழுதேன். இயக்குநர் தம்பி அதை அப்படியே படத்தில் வைத்தார். நாயகன் கண்ணாடியைக் கழற்றுவான், வகுப்பு குனிந்திருக்கும். அது நடிப்பு.

மார்ச்சில் பள்ளி திறந்தது. “சினிமாக்காரன்கிட்ட எங்களைக் காட்டிக் குடுத்துட்டியா, ஹீரோ?” என்று கேட்டுக் கேட்டுக் கியூ-மின்னை அடித்திருக்கிறது நிஜக் கும்பல். பட்டப்பகலில், சாப்பாட்டு வேளையில். பார்த்தவர் பலர். குரல் கொடுத்தவர் எவர்?

என்ன கேட்கிறீர்கள் தாயே? உயிர் இருக்கிறது. கண்தான் இன்னும் திறக்கவில்லை.

தலைவர் ஐயா! படத்தில் வெட்டிவிட்டால் பள்ளியில் நின்றுவிடுமா? திரையில் மறைத்துவிட்டால் தெருவில் மறைந்துவிடுமா? வெட்ட மாட்டோம். தம்பியும் நானும் முடிவு செய்துவிட்டோம்.

பின்வரிசைச் செல்வங்களே, உங்களை நான் ஏசவில்லை. “நீ எதுலயும் தலையிடாத, படிக்கிற வேலையப் பாரு” என்று சொல்லிச் சொல்லிச் சோறு போட்டவர்கள் முன்வரிசைகளில் இருக்கிறோம். குனியக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். யாரது எழுந்து நிற்பது, சோ-ரினா? சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள் அம்மா, அவள் நிற்கட்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். மூன்றாம் வரிசையில் கியூ-மின்னின் தாய் இருக்கிறார். அவர் மடியில் இருக்கிறது மகனின் கண்ணாடி. சட்டைப்பையில் இருந்தது என்று மருத்துவமனையில் கொடுத்தார்களாம். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றும் முதலில் அதைக் கழற்றி வைத்திருக்கிறான் பிள்ளை.

விளக்கு அணையப் போகிறது. திரையில் அந்தக் கண்ணாடி கழலும்போது யாரும் குனியாதீர்கள். கத்துங்கள்! இங்கே கத்திப் பழகினால்தான் நாளை அங்கே தொண்டை திறக்கும். வந்த கால்களுக்கும் கேட்ட காதுகளுக்கும் நன்றி. கத்தப் போகும் தொண்டைகளுக்கு என் வணக்கம்!