கோலமாவில் ஓர் அம்புக்குறி

பாலாற்றங்கரையில் ஓட வேண்டுமென்றால் மார்கழிதான் நல்ல மாதம். மழை விட்டிருக்கும், மணல் இறுகியிருக்கும், கால் புதையாது. ஆற்றின் ஒரு பக்கமாகத் தண்ணீர் போகும். பனைமரங்களை ஒட்டி ஒரு வண்டித்தடம் இறங்கி, நாணலுக்கு நடுவே நுழைந்து, எங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி கரையேறும். காஞ்சிபுரத்தைச் சுற்றி இவ்வளவு அழகான பாதை வேறு கிடையாது. இதைக் கண்டுபிடித்தது நான் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஏஞ்சல். ஐயம்பேட்டை தாண்டி, ஆற்றோரக் காலனியில் அப்பாவுடன் இருக்கிறேன். இயற்பியல் பட்டதாரி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வில் பதில் தெரியும், குரல் வராது. பள்ளியிலிருந்தே அப்படித்தான். பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன்.

அம்மா இறந்த பிறகு ஓட ஆரம்பித்தேன். அம்மாவை அந்தக் கரையில்தான் அடக்கம் செய்தோம். அப்பா கொத்தனார். கல்லறை மேடையை அவரே கட்டி, அவரே பூசி, ஈரம் காய்வதற்குள் அம்மாவின் பெயரை ஆணியால் எழுதினார். தலைமாட்டில் ஒரு சிலுவை வைத்தார். விடியற்காலையில் அதைச் சுற்றி ஓடுவேன். பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனந்தகுமாரை உங்களுக்குத் தெரியும். டவுனில் பட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஓட்டக் குழு ஒன்று நடத்துகிறார். ஒரு நாள் காலையில் மெயின் ரோட்டில் என்னைப் பார்த்துக் காரை நிறுத்தினார்.

“டெய்லி ஓடுறியாமா? எந்தப் பக்கம்?”

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. முன்னால் ஓடி முழுப் பாதையையும் காட்டினேன். பின்னாலேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அன்று மாலை அது இன்ஸ்டாகிராமில் வந்தது. ‘ஆனந்த் ரிவர் ரூட்’ என்று பெயர். “நானே தேடிக் கண்டுபுடிச்ச ரூட்டு, ஃப்ரெண்ட்ஸ்” என்று அவர் குரல். ஓரிடத்தில் என் முதுகு தெரிந்தது. அதன்மேல் ஒரு சூரியன் படத்தை ஒட்டியிருந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் கூட்டம் வர ஆரம்பித்தது. லாரிகள் போன தடங்கள் அங்கங்கே குறுக்கிடுவதால் வழி தவறினார்கள். ஆனந்தகுமார் என்னைக் கூப்பிட்டார்.

“நீ இங்கியேதானே இருக்குற. நாங்க வர்றதுக்கு முன்னாடி கோலமாவுல அம்புக்குறி போட்டு வெச்சிடு. மாவு நான் வாங்கித் தரேன். பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சொல்லியாமா தரணும்?”

எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டதில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டேன். முடியாது என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே.

குழுவில் ஒரு விதி உண்டு. அம்புக்குறி காட்டினால் யோசிக்காமல் திரும்ப வேண்டும். ஒருவர் மட்டும் முன்னால் தனியாக ஓடிக் குறிகளைப் பார்த்துக்கொண்டு போவார். அது எப்போதும் ஆனந்தகுமார்தான்.

கல்லறைத் தோட்டத்தில் நின்று இளைப்பாறுவார்கள். கால்களை நீட்டி மடக்க அம்மாவின் மேடை வசதியாக இருந்தது. ஷூவோடு ஏறுவார்கள். சிலுவையில் துண்டு தொங்கும். பல வாரம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாள் சொன்னேன்.

“சார், அது கல்லறை.”

“தெரியும்மா. ஹைட்டு கரெக்டா இருக்குது, அதான்.”

“பாத்து பாஸ், ஆவி வந்து காலப் புடிச்சிக்கப் போவுது” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

காயத்ரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையார்பாளையத்துக்காரர், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். சிலுவையிலிருந்த துண்டை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தார். “யாரு கல்லறைப்பா இது?” என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். அதன் பிறகு அவர் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கால்களை நீட்டுவார்.

சென்ற வாரம் ஆனந்தகுமார் ஒரு படத்துக்காக மேடையிலிருந்து எகிறிக் குதித்தார். தலைமாட்டு மூலை உடைந்து விழுந்தது. அம்மாவின் பெயரில் பாதி அதோடு போனது. சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

“இத்துப்போச்சிபா, பழசு இல்ல? ஒரு மூட்டை சிமென்ட் அனுப்பிவுடறேன், நீயே பூசிக்க.”

“பரவால்லீங்க சார்” என்றார் அப்பா. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

கோபமா என்று கேட்டீர்கள். ஆமாம். உடைத்ததற்கு அல்ல. அந்தப் பரவாயில்லைக்கு. சொன்ன அப்பாவின் மீதும் கோபம், அவரைச் சொல்ல வைத்தவர் மீதும் கோபம். வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. என் முகம் அப்படி.

கல்லறைத் தோட்டம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கரையேறும். இடது பக்கம் லாரித்தடம், மணல் அள்ளிய பள்ளத்தில் போய் முடியும். இப்போது பள்ளம் நிறையத் தண்ணீர், மேலே பாசி. பனியில் புல்தரை மாதிரி இருக்கும். ஈர மணலில் துகள்களைத் தண்ணீர் ஒட்டிப் பிடித்திருப்பதால் அதன் விளிம்பு செங்குத்தாக நிற்கும். அடியில் அரித்துப்போய் மேலே தகடு போல நீண்டிருக்கும். ஓர் ஆள் எடை ஏறினால் மொத்தமாகச் சரியும். விழுந்தவர் ஏறப் பார்த்தால், பிடிக்கிற இடமெல்லாம் அவர் மேலேயே வந்து விழும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. காலனியில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலையில் வழக்கம் போல அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டே வந்தேன். பிரிகிற இடத்தில் இடது பக்கம் போட்டேன். அழகாக வந்தது. பிறகு அம்மாவின் மேடையில் உட்கார்ந்தேன்.

ஆனந்தகுமாருக்கு அன்று முட்டி வலி. எனக்கு அது தெரியாது. பனிக்குள்ளிருந்து காயத்ரி அக்கா வந்தார்.

“ஆனந்துக்கு முட்டி புடிச்சிக்கிச்சாம். இன்னிக்கி நான்தான் லீடர், தெரியுமா?” என்று சிரித்தார். உடைந்த மூலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “உங்க வீட்டுக் கல்லறைதானே இது, ஏஞ்சல்? திரும்பி வரும்போது பேசறேன்மா” என்றார். அம்புக்குறியைப் பார்த்தார். யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினார்.

வாயைத் திறந்தேன், மேடம். குரல் வரவில்லை. சொன்னேனே, எனக்கு அப்படித்தான். பின்னால் ஓடியிருக்கலாமே என்பீர்கள். ஓடினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரிய சத்தமில்லை. அரிசி மூட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒரு சரசரப்பு. பிறகு கூப்பிட்டார். என் பெயரைத்தான் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

தூரத்தில் மற்றவர்களின் காலடி கேட்டது. எழுந்து போய் அம்புக்குறியைக் காலால் அழித்துவிட்டு வலது பக்கம் புதிதாகப் போட்டேன். ஒன்றும் அறியாதவர்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் வலது பக்கம் போனார்கள். கடைசியாக ஆனந்தகுமார் நொண்டிக்கொண்டே வந்தார்.

“காயத்ரி தாண்டிட்டாளாமா?”

தலையாட்டினேன். அவர் ஒரு காலைத் தூக்கி மேடையில், எனக்குப் பக்கத்தில், வைத்துக்கொண்டு முட்டியை நீவினார்.

ஆகவே செய்தது நான்தான். அம்புக்குறியைப் போட்டதும் அழித்ததும் நான்தான். காயத்ரி அக்காவைக் கொல்ல நினைக்கவில்லை. கூப்பிடும் குரல் இருந்திருந்தால் அவர் இப்போது உயிரோடு இருப்பார். அது இயற்கையிலேயே எனக்கு இல்லாத ஒன்று.

அக்கரையில் ஆடு மேய்க்கும் பட்டம்மாள் ஆயா உங்களிடம் சொன்னதும் உண்மைதான். காயத்ரி அக்கா வருவதற்குச் சற்று முன்னால் ஆயாவுடைய ஆட்டுக்குட்டி ஒன்று ஆற்றைத் தாண்டி வந்து அந்தத் தடத்தில் இறங்கியது. பள்ளத்தை நோக்கித் துள்ளிக்கொண்டு போனது. “ஆயா, குட்டி பள்ளத்துக்குப் போவுது, புடி” என்று கத்தினேன். அக்கரை வரை கேட்டிருக்கிறது. கத்திக்கொண்டே ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கிவந்து அந்தப் பக்கம் விரட்டிவிட்டேன்.

அப்போது மட்டும் எப்படிக் குரல் வந்தது என்று கேட்கிறீர்கள். பாவம், அது வாயில்லாத ஜீவன், மேடம். அதற்கு அம்புக்குறி பார்க்கத் தெரியாது. காயத்ரி அக்கா படித்தவர்.