வாசல் மட்டும்

எதற்கெடுத்தாலும் மாதச் சந்தா கேட்கும் காலமாகிவிட்டது சார். பாட்டுக்குச் சந்தா, படத்துக்குச் சந்தா, குனிந்து நிமிரச் சொல்லித்தரவும் சந்தா. பவானிபூரில் எங்கள் கட்டடத்தில் யார் எதற்குத் தண்டம் அழுகிறார்கள் என்று கேளுங்கள், ஒப்பிக்கிறேன்.

கீழ்வீட்டு சேஷாத்ரி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். பெங்களூரில் இருக்கும் மகள் அக்ஷரா அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டிருந்தாள். விழுந்தால் அதுவே அவளுக்கு போன் அடிக்கும். அதற்கும் சந்தாவை ஏற்றிவிட்டார்களாம், புலம்பினாள். நான்தான் வழி சொன்னேன். பழைய போனையே கேமராவாக்கும் இலவசச் செயலி இருக்கிறது. மாடியிலிருந்தபடியே என் போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க இருக்கறச்சே எனக்கு ஆப் எதுக்கு மாமி?" என்றாள். கடிகாரச் சந்தாவை நிறுத்திவிட்டாள்.

சேஷாத்ரிதான் முறைத்தார். "வாசல் மட்டும் தெரிஞ்சா போறும். காலம்பற பேப்பர் எடுக்க வருவேனோல்லியோ, அதைப் பார்த்துக்கோங்கோ. வேஷ்டி அவுந்து கிடக்கறதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டாம்."

செருப்பு அலமாரி மேல் போனை வாசலைப் பார்க்க நிறுத்தினேன். ஆனால் போனுக்கு முன்னால் ஒரு கண், பின்னாலும் ஒரு கண். என் போனில் ஒரு தட்டு தட்டினால் கூடம் தெரியும். இதை அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி படத்தோடு சண்டை போடுவார். டாக்டர் கூடாதென்ற சந்தேஷ் மிட்டாயைத் திருட்டுத்தனமாகத் தின்பார். மறுநாள் படிக்கட்டில் "இனிப்பு ஜாஸ்தியோ?" என்பேன். முழிப்பார்.

அன்று காலை கூடத்தில் விழுந்தார். காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன் சார், சாவியும் என்னிடம்தான். அப்போதுதான் தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார்.

"ஜானகி மாமி, பாத்துண்டுதானே இருக்கேள். தினம் பாக்கறேள், தெரியும். வாங்கோ."

இந்த மனிதர் பிழைத்தால் அக்ஷராவிடம் சொல்வார். பிறகு கட்டடமே என்னைப் பேசும். பிறரைப் பேசித்தான் எனக்குப் பழக்கம். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் யாரும் யார் கதவையும் தட்ட மாட்டார்கள், என்னைக் கேட்பார்கள். எதிர்வீட்டு வங்காளிப் பெண் நந்திதா மார்க்கெட் பையோடு எட்டிப் பார்த்தாள்.

"மாஷிமா, கீழ்வீட்டு மேஷோ இன்னும் பேப்பர் எடுக்கலியே?"

"தூங்கறார்மா, பாவம்."

அவள் போய்விட்டாள். பிறகு அக்ஷரா போனில் கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. செயலியை மூடினேன். மூடினால் பயம் கூடிற்று, திறந்தேன். கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இப்போது அந்தப் பழைய போன் உங்கள் ஸ்டேஷன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் கண் உண்டு சார், கொஞ்சம் துணி போட்டு மூடுங்களேன்.

அக்ஷராவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் அப்பா கடைசி மூச்சுவரை தனியாக இல்லை. காசு வாங்குகிற எந்தக் கடிகாரமும் அப்படி இமை கொட்டாமல் கூடவே உட்கார்ந்திருக்காது.