பன்னிரண்டாம் தேதிக்குள் நடந்த தவறு

வயது முப்பத்து நான்கு. பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். மருத்துவமனையின் இணையப் பக்கங்களை எழுதுவது என் வேலை. அங்கே எல்லோருக்கும் நான் "கம்ப்யூட்டர்" தான். நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் மீதுள்ள புகார் பற்றி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

ஜூன் மாதம் ஊசி போட்ட ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மறுநாள் குணமானது. அதன் பிறகு குழந்தையின் தந்தை எங்கள் இணையப் பக்கத்தில் அந்த மருந்தின் காலாவதித் தேதி 09-04, அதாவது ஏப்ரல் ஒன்பது என்று இருப்பதைப் பார்த்துப் புகார் கொடுத்தார். அக்காவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கைது செய்யப்போவதாகவும் பேச்சு அடிபட்டது.

மருந்துப் பெட்டியைப் பிரிக்கும்போதே தேதி அச்சிட்ட மடிப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவது அக்காவின் பழக்கம். அதற்காக அவரைக் கேலி செய்திருக்கிறோம், நான் கொஞ்சம் அதிகமாகவே. நோட்டில் செப்டம்பர் நான்கு என்றிருந்தது. பிறகு ஒட்டியிருக்கலாம் என்று விசாரணையில் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் தவறு இருக்க வாய்ப்பில்லை என்று நானும் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அக்கா மூன்று நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டையும் செல்போனில் இணையப் பக்கத்தையும் வரிவரியாக ஒப்பிட்டுவிட்டு என் மேசைக்கு வந்து, "தம்பி, நாப்பத்தோரு தேதி தப்பா இருக்கு. எல்லாமே பன்னெண்டாம் தேதிக்குள்ள. பதிமூணுலேர்ந்து ஒண்ணுகூடத் தப்பில்லையே, அது ஏன்?" என்றார். உடனே நிரலைத் திறந்து பார்த்தேன்.

டேட்டாபேஸில் தேதி சரியாகவே இருந்தது. அதை எடுக்கும்போதே நாள் முன்னும் மாதம் பின்னுமாக மாற்றிவிட்டு, மறந்துபோய், பக்கத்தில் காட்டும் இடத்திலும் இன்னொரு முறை மாற்றியிருக்கிறேன். அந்த இரண்டாவது கட்டளை முதலில் வருவதை மாதம் என்று படிக்கும். அதனால் நாளும் மாதமும் இடம் மாறின. பதிமூன்றாம் மாதம் கிடையாதே, அங்கே கட்டளை திணறும். திணறினால் சத்தம் போடாமல் உள்ளதை உள்ளபடி காட்டு என்று எழுதியிருந்ததும் நானே.

பதினோரு வருட அனுபவத்தில் எனக்கு எட்டாதது, ஒரு வரி நிரல்கூட எழுதாத அக்காவுக்குக் கத்தரிக்கோலையும் பசையையும் கொண்டு எட்டியது. மலைத்துப்போனேன்.

"அக்கா, என் மேல கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு. முதல்ல தேதியைச் சரி பண்ணு. வார்டுல அதைப் பார்த்துத்தான் மருந்து எடுக்கறாங்க" என்றார். அதன் பிறகு, நான் திருத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. குற்றம் அக்காவுடையது அல்ல, என்னுடையது. கையொப்பத்தின் கீழ் 07/08 என்று எழுதப்பட்டிருந்ததை அடித்துவிட்டு, ஆகஸ்ட் ஏழு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

(கையொப்பம்)