இரண்டு ‘எரியும்’

தூரிகையால் ‘ழ’ எழுதும்போது கை நடுங்காதவர்கள் குறைவு, இன்ஸ்பெக்டர் ஐயா. றஜிதாவுக்கு நடுங்காது. வள்ளத்துக்குத் தார் பூசித் தேய்ந்துபோன தூரிகையை எடுத்து, சீமெந்துப் பைத் தாளில் ஒரே இழுப்பில் எழுதிவிடுவாள். பெயிண்ட் வற்றிய இடங்களில் எழுத்து சொரசொரவென்று கிழிந்து நிற்கும். பாலாவியில் எங்கள் இருவருக்கும் ஒரே விளம்பரக் கடையில்தான் வேலை.

அந்தக் கையெழுத்தை எழுத்துருவாக்கியவன் நான். பதினான்கு மாதம் பிடித்தது. கணினியில் ஒரே எழுத்து இருமுறை வந்தால் இரண்டும் அச்சொட்டாக இருக்கும். பார்த்தவுடன் பொய் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று விதமாகச் செய்தேன், தானாக மாறி மாறி விழும்படி. பிறகு உப்புப் பைக்கட்டிலும் பஸ்ஸின் முகப்பிலும் அதைக் கண்டேன்.

கொழும்பில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையில் றஜிதா சொன்னாள்:

“எழுத்து என்ர கை. நிரோஷன் அதைக் கொம்பியூட்டரில ஏத்தித் தந்தவர்.”

ஏற்றித் தந்தவர். மூட்டை ஏற்றுகிறவனைச் சொல்வதுபோல. சபை கைதட்டியது; நானும் தட்டினேன். திரும்பி வருகையில் மீன் வைத்த தன் மாலுபாணில் பாதியைப் பிய்த்துத் தந்தாள். தின்றேன். தான் சொன்னது அவளுக்கு நினைவிலேயே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நுரைச்சோலைக் கரையில் மீன்வாடிக் கொட்டில் வைத்திருந்த பரமநாதன் அண்ணை அவளுடைய அப்பாவின் வள்ளத்தை இறக்கவிடாமல் மறித்திருந்தார். ஊரே பார்க்க அவள் அவரோடு சண்டை பிடித்தாள். அடுத்த கிழமை அவருடைய மீன்வாடிக் கதவில் ஒரு சீமெந்துத் தாள் ஒட்டியிருந்தது: ‘வாடியும் எரியும், வள்ளமும் எரியும்.’ அச்சடித்தவன் நான். கையால் எழுதியதுபோலத் தெரிய மேலே கறுப்புப் பெயிண்டும் தொட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் வாடி எரிந்தது. அண்ணை உள்ளே இருந்தார்.

றஜிதாவைக் கொண்டுபோனீர்கள். அது எழுத்துருவில் அடித்தது என்று அவள் அழுதழுது சொன்னாளாம். அதைக் கேட்க என்னிடமே வந்தீர்கள். தாளில் இருந்த இரண்டு ‘எரியும்’களிலும் ‘ரி’யைத் தொட்டுக் காட்டினேன்.

“பாருங்கோ ஐயா, ரெண்டும் வேற வேற. கொம்பியூட்டர் இப்பிடி எழுதாது. இது கை.”

குனிந்து பார்த்தீர்கள். என் வேலையை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அன்றுதான்.

எட்டு மாதமாக அவள் மறியல் சிறையில் இருக்கிறாள். இப்போது என் கணினியில் அந்தத் தாளின் பிரதியைக் கண்டெடுத்துவிட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. நெருப்பு வைத்ததும் நான்தான்.

ஆனால் நான் கொலைகாரன் இல்லை. உள்ளே ஆள் படுத்திருப்பது எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் அண்ணையின் செருப்பு கிடந்தது, புதுச் செருப்பு. வீணாகக் கருகக்கூடாதென்று அதைத் தூர எடுத்து வைத்துவிட்டுத்தான் கிடுகுக் கூரையில் நெருப்பு வைத்தேன்.