ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது சார். கால் ஆடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடும்போதும் இப்படித்தான், அம்மா திட்டுவாள்.

எங்கள் ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காட்டு மேட்டில் அங்கங்கே கொடி கட்டியிருப்பார்கள். கையில் வரைபடம், காம்பஸ். வரிசையாக எல்லாக் கொடியையும் தொட வேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்பது அவரவர் இஷ்டம். ஆட்டமே அந்த இஷ்டத்தில்தான் இருக்கிறது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். எனக்கு அடுத்தவன் என் தம்பி. கால் வேகம், ஆனால் வரைபடம் பார்க்க வராது. முதல் மூன்று கொடிகள் பாதையோரமாகவே இருக்கும், நாலாவதுக்குள் என்னைப் பிடித்துவிடுவான். அப்புறம் என் முதுகுதான் அவனுக்கு வரைபடம். இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தால் கடிகாரப்படி அவன் இரண்டு நிமிடம் முந்தி. இரண்டு வருடமாக இதே கதை. கிளப்பில் அவன் பெயரே 'வால்'.

"தலை ஓடுது, வால் கப்பு வாங்குது" என்று கோச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அன்றைக்கு நடந்தது மாநில அணிக்கான தேர்வு ஓட்டம். அணியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும்.

ஏழாவது கொடியில் திரும்பிப் பார்த்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எட்டுக்கு இரண்டு வழி. மேட்டைச் சுற்றினால் ஆயிரத்து நூறு மீட்டர், சமதளம். நேராகப் போனால் நானூறு, ஆனால் தொண்ணூறு மீட்டர் ஏற்றம். பத்து மீட்டர் ஏறுவது நூறு மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்பது எங்கள் கணக்கு. சுற்றுவதுதான் லாபம்.

நான் ஏறினேன்.

"அண்ணே, சுத்திப் போனா சுலபமில்ல?"

"அப்ப நீ சுத்திப் போடா."

"உன்னை விட்டா எனக்கு வடக்கு எது தெற்கு எதுன்னே தெரியாது. நட, நட."

உச்சிக்கு அந்தப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது. வரைபடத்தில் தடித்த கறுப்புக் கோடு. இடது ஓரத்தில் மட்டும் ஓர் ஆள் நுழைய இடைவெளி உண்டு. மற்ற இடமெல்லாம் புதர் விளிம்பை மூடியிருக்கும். நான் இடைவெளியில் இறங்கிவிட்டேன்.

"அண்ணே, எங்க போயிட்ட?"

"கீழதான் இருக்கேன். நேரா வாடா, வேகமா வா."

என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

ஓடுகிற எல்லார் கழுத்திலும் விசில் இருக்கும். ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். கேட்டவர் போட்டியை விட்டுவிட்டு ஓட வேண்டும், அது விதி. எட்டாவது கொடியைத் தொடும்போது ஆறு கேட்டது. ஒன்பதில் ஆறு. பத்தில் நாலுதான்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கோச் கேட்டார்: "வால் எங்கப்பா?"

"பின்னாடி வர்றான் சார்."

இடம் எனக்குக் கிடைத்தது.

விசில் காதில் விழவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய். எல்லாம் விழுந்தது, எண்ணிக்கொண்டேதான் ஓடினேன். பத்துக்கு அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. சரி, எழுந்துவிட்டான், இனிமேல் வரைபடம் பார்த்து அவனே வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அப்பாடா என்று இருந்தது சார்.